மும்பையிலிருந்து தொலைக்காட்சித் திறமைப் போட்டிக்கு: ஸ்டாண்ட்-அப் கலைஞர்களுக்கான வழிகாட்டி

தாராவி, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று மும்பையின் தமிழ்க் குடியிருப்புகளிலிருந்து, தனியாக மைக் பிடித்து நகைச்சுவை பேசும் ஸ்டாண்ட்-அப் கலையில் புதியவர்களும் ஏறிப் பழகும் ஓப்பன் மைக் மேடைகளுக்கு வரும் இளைஞர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய கண் தொலைக்காட்சித் திறமைப் போட்டியின் மீது விழுகிறது. நல்ல நகைச்சுவை கையில் இருந்தும் முதல் சுற்றிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆடிஷன் என்கிற தேர்வு நடக்கும் அறை எப்படி இருக்கும், என்னென்ன காகிதம் கேட்பார்கள், எதில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. இந்தி நிகழ்ச்சிக்கும் தமிழ் நிகழ்ச்சிக்கும் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு அறையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு கேமரா ஓடும். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆளைப் பார்த்து அவர்கள் களைத்திருப்பார்கள். இந்த ஆளை இரண்டு நிமிடம் தொலைக்காட்சியில் காட்டலாமா என்பது ஒன்றுதான் அவர்களுடைய கேள்வி. அந்தச் சிரிப்பில்லாத அறைக்காகத்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

1. எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

எல்லாத் திறமைகளையும் ஒரே மேடையில் ஏற்றும் போட்டிகள் ஒரு வகை. 'இந்தியாஸ் காட் டேலண்ட்' அப்படிப்பட்டது. 2022 முதல் சோனி தொலைக்காட்சியில் வருகிறது. அங்கே உங்களுக்கு முன்னால் தீப்பந்தம் சுழற்றுகிறவர் வந்திருப்பார். பின்னால் முப்பது பேர் கொண்ட நடனக்குழு காத்திருக்கும். நடுவில் ஒரு மைக்கோடு தனியாக நிற்கிற நீங்கள் முதல் பத்து விநாடிகளில் கவனத்தைப் பிடித்தாக வேண்டும். நகைச்சுவைக்கு மட்டுமே ஆன போட்டிகள் இன்னொரு வகை. அங்கே சற்று நிதானமாகக் கதையைக் கட்டலாம்.

தமிழில் செய்ய வேண்டுமென்றால், விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு' போன்ற நிகழ்ச்சிகளுக்குச் சென்னைப் பயணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மும்பையிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். தேர்வுக்கான அழைப்போ பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்னால்தான் வரும். ஆகவே தட்கல்தான் வழி. ஏசி வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க, ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அதை இன்றே செய்துவிடுங்கள். அழைப்பு வந்த அன்று செய்ய நேரம் இருக்காது.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களை வேறு எதையும்விட அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஆதாரில் 'எஸ். முருகன்' என்றும், பான் அட்டையில் முதலெழுத்து விரிந்து 'முருகன் சுப்பையா' என்றும், வங்கிக் கணக்கில் 'முருகன் எஸ்' என்றும் இருக்கும். இங்கே இருக்கிற நிகழ்ச்சி அலுவலகங்களின் படிவமோ முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். விண்ணப்பத்தில் ஏதோ ஒன்றை எழுதிவிடுவீர்கள். பின்னால் ஒப்பந்தம் போடும்போதும் பணம் அனுப்பும்போதும் அது வந்து மாட்டும்.

பான் அட்டையில் இருக்கும் முழுப்பெயரையே அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். ஆதாரில் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்ற அனுமதி உண்டு. அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காதீர்கள். சில வாரங்கள் ஆகலாம் என்பதால், போட்டி அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள். ஆதாரில் ஊர் முகவரியாகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் இருக்கிறதே என்று மட்டும் கவலை வேண்டாம். இப்போது இருக்கும் முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ ஒரு நகல் கையில் இருந்தால் போதும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஆதார், பான் நகல்கள் ஒவ்வொன்றிலும் மூன்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆறு, பெயர் அச்சிட்ட காசோலை ஒன்று குறுக்குக் கோடிட்டு ரத்து செய்தது, காசோலைப் புத்தகம் இல்லையென்றால் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். நகல்களில் தேதியையும், எந்த நிகழ்ச்சிக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்போது அந்த நகலை வேறு காரியத்துக்கு எடுத்துப் பயன்படுத்துவது கடினம்.

ரயில்வே, வங்கி, அணுசக்தித் துறை போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள், பரிசும் கட்டணமும் கிடைக்கக்கூடிய நிகழ்ச்சி என்பதால், அலுவலகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் நகர்ந்து வர ஒரு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை வேறு: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பு நிறுவனம்தான் வாங்க வேண்டும். இது சட்டம், யாரும் செய்கிற தயவு அல்ல. கேட்டு உறுதி செய்யுங்கள்.

3. இரண்டு நிமிடத்தை எழுதுங்கள்

ஓப்பன் மைக்கில் நான்கைந்து நிமிடம் தருவார்கள். அதில் முதல் நிமிடம் கூட்டத்தோடு பேச்சுக் கொடுத்துச் சூடேற்றுவதிலேயே போகும். தேர்வு அறையில் பேச்சுக் கொடுக்கக் கூட்டம் இல்லை. "எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதும் முதல் வரியிலேயே விஷயத்துக்குள் இறங்குங்கள். இருபது விநாடிக்குள் முதல் சிரிப்பு விழ வேண்டிய இடம் வந்துவிட வேண்டும்.

உங்களிடம் இருக்கும் செட்டை, அதாவது மேடையில் தொடர்ச்சியாகச் சொல்லும் நகைச்சுவைத் தொகுப்பை, முழுக்க எழுதிப் பாருங்கள். சிரிப்பு விழ வேண்டிய ஒவ்வொரு பஞ்ச் வரிக்கும் முன்னால் எத்தனை வாக்கியம் ஓடுகிறது என்று கோடு போடுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் வெட்டுங்கள். இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், முப்பது விநாடி என்று மூன்று அளவில் ஒரே செட்டைத் தயாராக வைத்திருங்கள். வரிசை நீண்டுவிட்டால் "ஒரு நிமிடத்தில் முடியுங்கள்" என்று வாசலிலேயே சொல்வார்கள். அங்கே நின்று எதை விடுவது என்று யோசிக்க முடியாது.

இந்தி நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் சொல் விளையாட்டில் நிற்கும் நகைச்சுவையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சூழ்நிலையில் பிறப்பதை எடுங்கள். அதிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட சால் வீடு, பத்துக்குப் பதினைந்து அறையில் ஊரிலிருந்து வந்திறங்கும் ஆறு உறவினர்கள், பாதி மராத்தியில் தாத்தாவிடம் சண்டை போடும் பேரப்பிள்ளை: இவையெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் பிடிபடும். ஆண்பால் பெண்பால் தடுமாற்றம் இருந்தால், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவரிடம் வரி வரியாகப் படித்துக் காட்டித் திருத்துங்கள். உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பது பரவாயில்லை. என் கருத்தில் அது ஒரு பலம்தான்.

ஆனால் ஒரு கட்டத்தில், "கொஞ்சம் மதராசி போலப் பேசுங்களேன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்களேன்" என்று நிகழ்ச்சிக் குழுவினர் கேட்கக்கூடும். அதற்கான பதிலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். என் முடிவு, செய்வதில்லை என்பது. நம்மைப் பற்றி நாமே சொல்லுகிற நகைச்சுவை வேறு. நம்மைப் பார்த்துச் சிரிக்க இன்னொருவர் எழுதித் தரும் வேடம் வேறு. முதல் சுற்றுக்காக அந்த வேடத்தைப் போட்டால் அடுத்த சுற்றிலும் அதைத்தான் கேட்பார்கள். மறுப்பதாக இருந்தால் மறுப்போடு நிறுத்தாமல், "அதற்குப் பதிலாக இதைச் செய்கிறேன்" என்று தயாராக ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அவர்களுக்குத் தேவை நிரப்ப வேண்டிய இரண்டு நிமிடம். நல்ல மாற்று கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒத்திகைக்கு, சிரிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் இரண்டு நண்பர்களை எதிரில் உட்கார வையுங்கள். சிரிப்புக்காக விட்ட இடைவெளியில் அமைதி விழும்போது உங்கள் குரல் இறங்குகிறதா, வேகம் கூடுகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வந்த மாதிரியே ஒரு மூச்சு விட்டுத் தொடரப் பழகிவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

4. வீடியோ அனுப்புவது

பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு முதல் பதிவு செயலி வழியாகத்தான். சோனி நிகழ்ச்சிகளுக்குச் சோனிலிவ் செயலி. போனைக் கிடைமட்டமாக வையுங்கள். வெட்டு, ஒட்டு, பின்னணி இசை எதுவும் கூடாது. ஒரே ஓட்டமாக எடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். வார்த்தை கேட்காத நகைச்சுவைக்கு மதிப்பில்லை. கூட்டத்தின் சிரிப்போடு எடுத்த மேடை வீடியோ ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்து வையுங்கள். கடைசி நாள் இரவு வரை காத்திராதீர்கள்.

5. பணம் கேட்டால் திரும்பிவிடுங்கள்

அந்தேரி மேற்குப் பகுதியில் ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் சுற்றுகிறவர்கள் உண்டு. பதிவுக் கட்டணம், அறிமுகக் கட்டணம், உடைக்கு முன்பணம், கலைஞர் அட்டை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி ஐயாயிரம், பத்தாயிரம் கேட்பார்கள். என்னிடமும் ஒருவர் கேட்டார்; சேனலின் சின்னம் போட்ட கடிதத்தைக்கூடக் காட்டினார். உண்மையான சேனல் தேர்வுக்கு வருகிறவரிடம் காசு வாங்குவதில்லை. போட்டியாளராக வருகிறவருக்கு நடிகர் சங்க உறுப்பினர் அட்டையும் தேவையில்லை. முத்திரைத்தாள் வாங்கி வரச் சொல்வது இன்னொரு தந்திரம். மகாராஷ்டிராவில் 2024 அக்டோபரிலிருந்து பழைய 100 ரூபாய்த் தாளின் இடத்தில் 500 ரூபாய்த் தாள் வந்துவிட்டது. அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒப்பந்தம் போடுகிற நிறுவனம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

அழைப்பு வந்தால் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இடமும் தேதியும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். ஓடிபி எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

6. தேர்வு நாள்

தேர்வுகள் அடிக்கடி ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். ஞாயிறு என்றால் மெகா பிளாக். மத்திய ரயில் பாதையிலும் துறைமுகப் பாதையிலும் பராமரிப்புக்காகக் காலை பத்து, பதினொரு மணியிலிருந்து மாலை வரை ரயில்கள் நிற்கும் அல்லது திருப்பிவிடப்படும். முதல் நாளே அறிவிப்பைப் பாருங்கள். மழைக்காலமானால் சயான், குர்லா, சூனாபட்டி அருகே தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும். இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கோரேகாவ் பக்கம் தேர்வென்றால் செம்பூர்க்காரர்கள் வடாலா ரோட்டில் இறங்கி, துறைமுகப் பாதையிலேயே கோரேகாவ் ரயிலைப் பிடிக்கலாம். முலுண்ட், டோம்பிவிலியிலிருந்து வருகிறவர்கள் தாதரில் மாற வேண்டும். கோரேகாவ் நிலையத்தின் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ஃபிலிம் சிட்டிக்கு பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

அறிவித்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரிசையில் இருங்கள். எண் கொடுத்த பிறகு காத்திருப்பு நாள் முழுவதும் நீளலாம். சாப்பாடு, தண்ணீர், சார்ஜர், குடை நான்கும் பையில் இருக்கட்டும். வரிசையில் நிற்கும் மற்றவர்களிடம் உங்கள் செட்டைச் சொல்லிக் காட்டாதீர்கள். குரலும் போகும், நகைச்சுவையும் போகும். உள்ளே போனதும் கேமராவைப் பார்ப்பதா நடுவர்களைப் பார்ப்பதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடித்த பிறகு "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்பார்கள். அதுவும் தேர்வின் பகுதிதான். வறுமையை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். வீட்டில் யார் யார், என்ன வேலை, ஏன் நகைச்சுவை என்று ஒரு நிமிடத்தில் உண்மையாகச் சொல்லுங்கள்.

7. எழுத்துப் பிரதி

தேர்வானால் முழுச் செட்டையும் எழுதி அனுப்பச் சொல்வார்கள். சேனலின் ஒளிபரப்பு ஒழுங்குக் குழு அதைப் படிக்கும். 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறைப்படி, மதத்தையும் சமூகத்தையும் இழிவு செய்வது, ஆபாசம், தனிநபர் அவதூறு எதுவும் ஒளிபரப்பாகக் கூடாது. அரசியல்வாதி பெயர், போட்டியாக இருக்கும் வேறு நிறுவனத்தின் பொருட்பெயர் ஆகியவையும் பெரும்பாலும் வெட்டுப்படும். படப்பிடிப்பன்று மாலையில்கூட ஒரு பகுதியை எடுத்துவிடச் சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அதே நீளத்தில் ஒரு மாற்று எழுதி வையுங்கள்.

8. கையெழுத்துக்கு முன்

படிவத்தைப் பரபரப்பான நேரத்தில் நீட்டுவார்கள். முதல் நாளே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். முதலாவது, உங்கள் எழுத்தின் உரிமை யாருக்குப் போகிறது என்பது. பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். நடைமுறையில் படிவங்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்றே சொல்லும். குறைந்தபட்சம், அதே நகைச்சுவையை நேரடி மேடைகளில் தொடர்ந்து செய்ய உரிமை வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கப் பாருங்கள். இரண்டாவது, வேறு சேனல்களிலோ உங்கள் சொந்த யூடியூப் பக்கத்திலோ எத்தனை மாதம் தோன்றக் கூடாது என்பது. மூன்றாவது, ஒளிபரப்புக்கு முன் முடிவை வெளியே சொன்னால் என்ன அபராதம் என்பது. வீட்டில் அத்தைக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

முதல் முறை போகிறவருக்காகப் படிவத்தை மாற்ற மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிற நகைச்சுவையை மட்டும் அங்கே கொண்டுபோங்கள். உங்கள் உயிரான பத்து நிமிடம் வெளியே இருக்கட்டும். அதைப் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, அதன் பிறகும் சில மாதங்கள் ஆகும்.

9. ஸ்டுடியோ நாள்

காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, இரவு பதினொன்றுக்கு மேடையேற்றுவது சாதாரணம். இரண்டு மூன்று உடைகள் கொண்டுபோங்கள். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் நெளியும். நிறுவனச் சின்னம் போட்ட சட்டையை அனுமதிக்க மாட்டார்கள். கையில் பிடிக்கும் மைக்கில் பழகியவர் என்றால் அதையே முன்கூட்டிக் கேளுங்கள். சட்டையில் மாட்டும் மைக்கோடு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் சிரிக்கும்போது அடுத்த வரியைத் தொடங்காதீர்கள். சிரிப்பின் மேல் விழுந்த வரியை எடிட்டிங்கில் பிரித்தெடுக்க முடியாது.

வெளியூர்க்காரர்களுக்கு அறை கொடுப்பார்கள். மும்பைக்காரருக்குப் பெரும்பாலும் கிடையாது. ஏறக்குறைய இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை லோக்கல் ரயில் இல்லை. வீடு திரும்ப வண்டி தருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெண்கள் இதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகைக் காருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வையுங்கள்.

10. பணமும் வரியும்

பரிசுப் பணமும் பங்கேற்புக் கட்டணமும் ஒன்றல்ல. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்களுக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் அந்த வரி திரும்ப வராது. செலவுக் கணக்கும் காட்ட முடியாது. பரிசு காராக இருந்தால், அதற்கான வரியைக் கட்டிய பிறகே சாவி கைக்கு வரும். கட்டணமாகத் தரும் தொகைக்கு வேறு கணக்கு: ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

கட்டணத்துக்கு நீங்கள் பில் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு நகரும். படப்பிடிப்பு முடிந்த வாரத்திலேயே அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்று அன்றே பெயரும் மின்னஞ்சலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வர மாதங்கள் ஆகலாம். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்து அந்தக் குழு கலைந்துவிட்டால், பதில் சொல்ல ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம்.